'சுவெட்டன்' என்று ஒரு தோழி

என் மகள் இந்த ஆண்டு ஐந்தாம் படிவத்தை முடிக்கிறாள். நான்காம் படிவத்திலிருந்து பெண்கள் விடுதியில் தங்கிப் படிப்பவள். பள்ளியை விட்டுப் பிரிவதற்கு முன், அங்குள்ள தமிழ் மாணவிகள் தங்களுக்குள் ஒரு சிறு மலர் தயாரிக்கிறார்கள். ஆளுக்கு நான்கு தோழிகளைப் பற்றி, ஒவ்வொருத்திக்கும் ஒரு பத்தி எழுத வேண்டுமாம்.

போன வாரம் வீட்டுக்கு வந்தவள் தான் எழுதியதை என்னிடம் காட்டினாள். "அன்பானவள். பழக இனிமையானவள். எப்போதும் சிரித்த முகம்." நான்கு பேருக்கும் கிட்டத்தட்ட இதே மூன்று வரிதான்.

"இதில் எது யாருடையது?" என்று கேட்டேன்.

"எல்லாருமே அப்படித்தாம்மா" என்றாள்.

நான் எழுந்து போய், அலமாரியின் மேல் தட்டிலிருந்த பழைய பிஸ்கட் டின்னை எடுத்து வந்தேன். அதற்குள் ஓர் ஆட்டோகிராப் புத்தகம் இருக்கிறது. அது என்னுடையது அல்ல. போர்ட் கிள்ளானில் நான் வளர்ந்த காலத்தில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த யாழ்ப்பாணத்து ஆச்சியுடையது.

ஆச்சி 1926-இல் பிறந்தவர். 2011-இல் காலமானார். ஈமக்கிரியைக்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த அவருடைய மகன், "இதைப் படித்துக் காட்டியது நீங்கள்தான், நீங்களே வைத்திருங்கள்" என்று சொல்லி டின்னோடு கொடுத்துவிட்டுப் போனார். உண்மைதான். ஆச்சிக்குக் கண்ணில் புரை விழுந்திருந்த 1996-இல், நானும் ஐந்தாம் படிவத்தில் இருந்தேன். மாலை வேளைகளில் போய் நாளிதழ் படித்துக் காட்டுவேன். படித்து முடித்ததும், "அந்த டின்னை எடு பிள்ளை" என்பார். நான் ஒரு பக்கத்தைப் படிப்பேன். அந்தப் பக்கத்துக்கு உரியவளைப் பற்றி அவர் ஒரு மணி நேரம் கதைப்பார்.

கிள்ளானிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு

ஆச்சியின் அப்பா போர்ட் சுவெட்டன்ஹாம் ரயில் நிலையத்தில் கிராணி. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: நம் போர்ட் கிள்ளானுக்கு அப்போது அதுதான் பெயர். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானை நோக்கி 1886-இல் வந்த ரயில் பாதை, பிறகு கடற்கரை வரை நீட்டப்பட்டது. 1901-இல் துறைமுகம் திறந்தது. அதற்கு ஆங்கிலேய அதிகாரி சுவெட்டன்ஹாமின் பெயரை வைத்தார்கள். 1972-இல்தான் அது போர்ட் கிள்ளான் ஆனது.

அந்த ரயில்களை ஓட்டவும், கணக்கெழுதவும், நிலையங்களைப் பார்த்துக்கொள்ளவும் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்புகளில் அவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஸ்காட் சாலையில் இன்றும் நிற்கும் கந்தசுவாமி கோயில் அவர்கள் கட்டியது. உத்தியோகம் மலாயாவில் இருந்தாலும் மனம் ஊரிலேயே கிடந்தது. ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்களை அங்கே 'மலாயன் பென்ஷனியர்' என்றே அழைத்தார்கள். பிள்ளைகளின் படிப்பும் ஊரில்தான் நடக்க வேண்டும் என்று பலர் நினைத்தார்கள். ஆண் பிள்ளைகளோடு பெண் பிள்ளைகளையும் கப்பலேற்றினார்கள்.

ஆச்சி கப்பலேறியபோது வயது 9. "அம்மா ஜெட்டியில நிண்டு அழுதா. நான் அழேல்லை. கப்பல்ல ஐஸ்கிறீம் தருவினம் எண்டு அப்பா சொல்லியிருந்தார்" என்பார்.

ஆயிரம் மகள்களின் தாய்

ஒன்பது வயதுச் சிறுமியைக் கடல் கடந்து விடுதிக்கு அனுப்பும் துணிவு ஒரே நாளில் வந்ததல்ல. அதற்கு முன் நூறாண்டுக் கதை ஒன்று உண்டு.

அமெரிக்க மிஷனரிகள் 1816-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். வட்டுக்கோட்டையில் 1823-இல் ஆண்களுக்கு உயர்கல்விக் கூடம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டே, 1824-இல், உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி தொடங்கியது. ஆசியாவிலேயே பெண்களுக்கான முதல் விடுதிப் பள்ளி அதுதான் என்பது இன்றைய உடுவில் மகளிர் கல்லூரியின் பெருமை. அதைத் தொடங்கியவர் ஹாரியட் வின்ஸ்லோ. பின்னாளில் 1862-இல் தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்ட மைரன் வின்ஸ்லோவின் மனைவி.

அன்று பெண் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப எவரும் முன்வரவில்லை. சாப்பாடும் துணியும் கொடுத்து, படித்து முடித்துத் திருமணம் ஆகும்போது சிறு சீதனமும் தருவதாகச் சொல்லித்தான் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் மாணவிகள் வந்ததைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஒரு மழை நாளில் இரண்டு சிறுமிகள் மிஷன் வீட்டில் ஒதுங்கினார்கள். மழை விடவில்லை. பசி தாங்காமல் அங்கே கொடுத்ததை இளையவள் சாப்பிட்டுவிட்டாள். தேடி வந்த தகப்பனாருக்குக் கோபம். அந்நியர் வீட்டில் கைநனைத்த பிள்ளையை இனி நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

மிஷன் ஏடுகளில் அந்தச் சிறுமிகளின் பெயர்கள் பெட்சி பொமராய், மிராண்டா சாஃபோர்ட். தமிழ்ப் பிள்ளைகளுக்கு எங்கிருந்து வந்தன இந்தப் பெயர்கள்? ஒரு மாணவரின் செலவை ஏற்றுக்கொள்ளும் அமெரிக்க நன்கொடையாளர், அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பும் பெயரைச் சூட்டலாம் என்ற வழக்கம் இருந்தது. 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய சதாசிவம்பிள்ளை 'ஆர்னல்ட்' ஆனதும் அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில்தான். தாயார் அந்த இரு சிறுமிகளை வீட்டில் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று தேடினால், கையில் கிடைப்பது அந்த அமெரிக்கப் பெயர்கள்தான்.

1840-இல் அங்கே எலைசா ஆக்னியூ என்ற ஆசிரியை வந்து சேர்ந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. 1879-இல் ஓய்வு பெறும் வரை உடுவில்தான் அவருக்கு எல்லாம். ஓய்வுக்குப் பிறகும் அமெரிக்கா திரும்பாமல் 1883-இல் யாழ்ப்பாண மண்ணிலேயே காலமானார். தாய், மகள், பேத்தி என மூன்று தலைமுறைக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர். 'ஆயிரம் மகள்களின் தாய்' என்று அவரைப் போற்றுவார்கள். அது அவருக்குத் தகும்.

ஆனாலும் எனக்கு ஒரு குறை உண்டு. தாயின் பெயர் தெரிகிறது. ஆயிரம் மகள்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? எவள் இருட்டுக்குப் பயந்தாள், எவள் கணக்கில் புலி, எவள் பாயில் படுத்தபடி அடுத்தவளைச் சிரிக்க வைத்தாள்? ஆசிரியர்கள் எழுதும் அறிக்கையில் அவையெல்லாம் வராது. அதை எழுதக்கூடியவள் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவள் ஒருத்திதான்.

ஊர்ப் பெயரே பெயர்

ஆச்சி போன காலத்தில் உடுவில், வேம்படி, சுண்டிக்குளி என்று மிஷன் பள்ளிகள் இருந்தன. சைவப் பெண் பிள்ளைகளுக்காக 1913-இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் தொடங்கிய கல்லூரியும் இருந்தது. தன்னுடையது எந்தப் பள்ளி என்று வெளியில் சொல்லக் கூடாது என்பது ஆச்சியின் கட்டளை. "மற்றப் பள்ளிக்கூடக்காரியள் சண்டைக்கு வருவாளவை" என்று சிரிப்பார். நானும் சொல்லவில்லை.

அவருடைய வகுப்பில் 14 பேர். மலாயாப் பிள்ளைகளை அவரவர் அப்பா வேலை பார்த்த ஊரின் பெயரால்தான் கூப்பிடுவார்களாம். தைப்பிங், ஈப்போ, சிரம்பான். ஆச்சிக்கு 'சுவெட்டன்'.

தைப்பிங் எல்லோரிலும் உயரம். விடியற்காலை மணி அடித்ததும், சின்னப் பிள்ளைகள் அவள் முன்னால் வரிசையாக உட்கார வேண்டும். ஒரு சீப்பு, ஒரு சிரட்டை நல்லெண்ணெய். ஒருத்தி வீட்டை நினைத்து அழுதால், தைப்பிங் ஆறுதல் ஒன்றும் சொல்ல மாட்டாள். பின்னலைச் சுள்ளென்று ஓர் இழுப்பு இழுப்பாள். "அந்த நோவில வீட்டு நினைப்பு போயிடும்" என்பார் ஆச்சி. அவள் ஆட்டோகிராப்பில் எழுதியது ஒரே வரி: தலைக்கு எண்ணெய் வைக்க மறவாதே.

ஈப்போ கணக்குக்காரி. கடன் கொடுப்பாள். ஒரு துண்டு சவர்க்காரம், ஒரு தபால் தலை, அரை முழம் ரிப்பன். எல்லாம் ஒரு சிறு கொப்பியில் ஏறிவிடும். மாதம் பிறந்து மலாயாவிலிருந்து மணியார்டர் வந்ததும், கொப்பியோடு கட்டிலருகே வந்து நிற்பாள். ஒரு சதமும் விட மாட்டாள். அவளைக் கண்டால் எல்லோருக்கும் எரிச்சல். அவள் பெட்டியில் இல்லாத பொருளும் கிடையாது.

சிரம்பான் குரல் எடுத்துப் பேசுவதில் கெட்டிக்காரி. விடுதி மேட்ரனின் நடை, சமையல்காரரின் இருமல், பாதிரியாரின் தமிழ் எல்லாம் வரும். ஆனால் இருட்டு என்றால் பயம். இரவில் கிணற்றடிக்குப் போக இரண்டு பேர் துணை வேண்டும். துணைக்குப் போனதற்குக் கூலி, திரும்பி வரும் வழியில் ஒரு 'மேட்ரன்'.

நான்காவது, அளவெட்டி. மலாயாப் பிள்ளை அல்ல, அந்த மண்ணின் பிள்ளை. மற்றவர்களுக்கு மலாயா ஊர்ப் பெயர் இருக்கும்போது தனக்கும் ஒன்று வேண்டுமென்று கேட்டதால், அவள் கிராமத்தின் பெயரையே வைத்தார்கள். விடுமுறை விட்டால் மலாயாப் பிள்ளைகளுக்குப் போக வீடு இல்லை. தூரத்து உறவினர் வீடுகளில் ஒண்டுவார்கள். அளவெட்டி நான்கு பேரையும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போவாள். ஒடியல் கூழ், பனாட்டு, புழுக்கொடியல், வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் கதைக்கும் பெரியம்மாமார். "யாழ்ப்பாணத்தை எனக்குக் காட்டினது பள்ளிக்கூடம் இல்லை, அவதான்" என்பார் ஆச்சி.

கடிதம் நின்ற ஆண்டு

1941 டிசம்பர் 8-இல் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அடுத்த மாதம் கோலாலம்பூர் விழுந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் சரணடைந்தது. யாழ்ப்பாண விடுதியில் இருந்த மலாயாப் பிள்ளைகளுக்கு அந்த நாளோடு கடிதம் நின்றது. மணியார்டரும் நின்றது. அப்பா உயிரோடு இருக்கிறாரா என்பதைக் கேட்கக்கூட வழியில்லை. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. பர்மா அரிசி வராததால் இலங்கையில் அரிசிக்குப் பங்கீடு. விடுதியில் சோறு குறைந்து குரக்கன் வந்தது.

பள்ளி அந்தப் பிள்ளைகளை வெளியே அனுப்பவில்லை. கட்டணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. ஆனாலும் சவர்க்காரத்துக்கும் தபால் தலைக்கும் யார் காசு கொடுப்பது?

மணியார்டர் வராத மூன்றாவது மாதம், ஈப்போ தன் கொப்பியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். அடுப்பில் போட்டுவிட்டாள். அவளுக்கும் காசு வரவில்லை. அவளுக்குத் தர வேண்டியவர்கள் ஒன்பது பேர். மறுநாள் ஒரு புதுக் கொப்பி தைத்தாள். அதில் யார் எவ்வளவு தர வேண்டும் என்று இல்லை. யாருக்கு என்ன தேவை என்று இருந்தது. தன் பெட்டியிலிருந்த சவர்க்காரத்தை நூலால் அறுத்து, மெல்லிய துண்டுகளாகக் கொடுத்தாள். "கணக்கு மட்டும் பிழைக்கேல்லை. துண்டெல்லாம் ஒரே அளவு" என்பார் ஆச்சி.

சிரம்பான் செய்தது வேறு. கடிதம் வந்த காலத்தில் ஞாயிறு மாலைகளில் எல்லோரும் கூடி, வந்த கடிதங்களை உரக்க வாசிப்பது வழக்கம். அதனால் ஒவ்வொருத்தியின் அப்பாவும் எப்படி எழுதுவார் என்பது சிரம்பானுக்கு மனப்பாடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வெறும் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆச்சியின் அப்பாவாக வாசிக்கத் தொடங்கினாள். "அன்புள்ள மகளுக்கு, இங்கு நேற்று நல்ல மழை. ஆறு மணி வண்டி 20 நிமிடம் தாமதம். உன் தம்பி பல்லு விழுந்து..." எல்லோரும் முதலில் சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வீட்டுக் கடிதம். தன் அப்பாவின் கடிதத்தை மட்டும் அவள் வாசித்ததே இல்லை. ஏன் என்று அவர்களும் கேட்டதில்லை.

1943-இன் கடைசியில் அந்த வகுப்பு சீனியர் தேர்வு எழுதிப் பிரிந்தது. 14 பேரில் தேர்வு எழுதியவர்கள் 13 பேர்.

எழுதாத ஒருத்தி, அளவெட்டி. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் மாட்டு வண்டி வந்து நின்றது. பெரியப்பா வந்திருந்தார். கல்யாணம் நிச்சயமாகிவிட்டதாம். அரை மணி நேரத்தில் பெட்டி கட்டி, போய்விட்டாள். வகுப்பில் எல்லோருக்கும் சேர்த்துக் கற்றுக் கொடுக்கும் அளவுக்குத் தமிழ் இலக்கணம் அறிந்தவள் அவள்தான். வகுப்புப் புகைப்படத்திலும் அவள் இல்லை.

வெறும் பக்கம்

1945 செப்டம்பரில் பிரிட்டிஷ் படை மீண்டும் வந்திறங்கியது நம் மோரிப் கடற்கரையில். சில வாரங்களில் யாழ்ப்பாணத்துக்குக் கடிதங்கள் போகத் தொடங்கின. ஆச்சியின் அப்பா இருந்தார், பாதி உடம்பாக. சிரம்பானின் அப்பாவும் இருந்தார். தைப்பிங்கின் அப்பாவை சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பியிருந்தார்கள். அவர் திரும்பவில்லை. தைப்பிங் மலாயாவுக்கு வரவே இல்லை. யாழ்ப்பாணத்திலேயே தாதியானாள்.

ஆச்சி 1946-இல் திரும்பி வந்து கிள்ளானில் ஆசிரியை ஆனார். சிரம்பான் திருமணமாகி பிரிக்பீல்ட்ஸ் வந்து சேர்ந்தாள். கந்தசுவாமி கோயில் திருவிழாவில் இருவரும் ஆண்டுதோறும் சந்திப்பார்களாம். பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகும் அவர் இவரைக் கூப்பிடுவது 'சுவெட்டன்'தான். "ஊருக்கே பேரை மாத்திப் போட்டாங்கள். எனக்கு மாத்தேல்லை" என்று ஆச்சி சொல்லும்போது முகம் பதினேழு வயதாகிவிடும்.

அந்த ஆட்டோகிராப் புத்தகத்தில் ஒரு பக்கம் வெறுமையாக இருக்கிறது. மேலே 'அளவெட்டி' என்று மட்டும் ஆச்சியின் கையெழுத்து. வண்டி வந்த நாளில் எழுதி வாங்க நேரமில்லை. என்றாவது சந்தித்தால் எழுதி வாங்கலாம் என்று விட்டு வைத்த பக்கம். 1996-இல் நான் அந்தப் பக்கத்தில் நிறுத்தி, "இவருடைய சொந்தப் பெயர் என்ன, ஆச்சி?" என்று கேட்டேன்.

ஆச்சி வாய் திறந்தார். மூடினார். வெகு நேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவவின்ர வீட்டுக் கிணத்தடி ஞாபகம் இருக்கு. தாய் தந்த கூழின்ர ருசி ஞாபகம் இருக்கு. பேர்தான் பிள்ளை, வரேல்லை."

அதற்குப் பிறகும் பல நாள், நான் நாளிதழ் படிக்கும்போது இடையில் நிறுத்தி, ஏதேனும் ஒரு பெயரைச் சொல்வார். பிறகு, "இல்லை, அது இல்லை" என்பார். யாழ்ப்பாணத்தில் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டுகள் அவை. பெயர் இருந்தால் யாரிடமாவது விசாரிக்கலாம். 'அளவெட்டி' என்று கேட்டால் ஒரு கிராமமே அல்லவா வரும்?

மகளுக்குச் சொன்னது

இதையெல்லாம் என் மகளுக்குச் சொல்லி முடித்தபோது மீகோரிங் ஆறிப்போயிருந்தது.

இன்று விடுதிப் பிள்ளைகளுக்குப் புலனக் குழு இருக்கிறது. ஆயிரம் படம் இருக்கிறது. தொலைந்து போக வழியே இல்லை என்று நினைக்கிறோம். கைத்தொலைபேசியை இரண்டு முறை மாற்றினால் எத்தனை எண்கள் மிஞ்சுகின்றன என்பது பெரியவர்களுக்குத் தெரியும். படம் முகத்தைக் காட்டும். சவர்க்காரத்தை ஒரே அளவாக அறுத்தவள் இவள்தான் என்று சொல்லாது.

மகளைத் தூரத்து விடுதிக்கு அனுப்பலாமா என்று பல வீடுகளில் இன்றும் யோசிக்கிறார்கள். நானும் யோசித்தவள்தான். படிப்பு, பாதுகாப்பு, செலவு எல்லாம் பார்க்க வேண்டியவை. அவற்றோடு இதையும் சேர்த்துப் பாருங்கள். வீட்டில் அவள் நமக்கு மகள், தம்பிக்கு அக்கா. அங்கேதான் உறவு முறை ஏதும் இல்லாத நாலு பேர் அவளை அவளாகவே பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தவர்கள் எழுதி வைக்காவிட்டால் அந்தப் பிள்ளை எப்படி இருந்தாள் என்பது ஒருவருக்கும் தெரியாமல் போகும்.

மறுநாள் காலை, விடுதிக்குக் கிளம்பும் முன் மகள் ஒரு தாளை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். பழைய மூன்று வரிகள் இல்லை. ஒருத்தி பசியாறலுக்கு வந்த ரொட்டியின் ஓரங்களையெல்லாம் சேர்த்து விடுதிப் பூனைக்குக் கொடுப்பவளாம். பூனைக்கு வேதியியல் ஆசிரியையின் பெயரை வைத்திருக்கிறாளாம். இன்னொருத்தி தேர்வுக்கு முதல் நாள் இரவு எல்லோருடைய பேனாவுக்கும் மை இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் படுப்பாளாம். மூன்றாமவள் அப்பாவோடு பேசும்போது மட்டும் தாழ்வாரத்துக்குப் போய்விடுவாளாம். அவர் தீவாந்தர வேலையில் இருக்கிறார், ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். நான்காமவளோடு இவளுக்கு இரண்டு வாரமாகப் பேச்சு இல்லையாம். காரணத்தையும் எழுதியிருந்தாள், தப்பு தன்னுடையது என்றும்.

ஒவ்வொரு பத்திக்கும் மேலே அந்தப் பிள்ளையின் பெயர், அப்பா பெயரோடு, முழுதாக இருந்தது.